கிஸ்தியும் வாடகையும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் பாதையில் அமைந்துள்ள இண்டூரைப் போன்ற ஊர்களில் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் பெருஞ்செல்வர்கள் அல்லர். மேட்டு நிலத்தில் ஒரு துண்டை விற்றோ, பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைக்கும் மகன் அனுப்பிய பணத்தைச் சேர்த்தோ, பட்டுக்கூடு விற்ற வருமானத்தில் மிச்சம் பிடித்தோ, தாம் குடியிருக்கும் வீட்டை ஒட்டி ஒரே வரிசையில் இரண்டு மூன்று அறைகளை எழுப்பி, அவற்றை 'லைன் வீடு' என்று வழங்கி, மாதம் பிறந்ததும் கைக்கு வரும் சொற்பத் தொகையையே முதுமைக் காலத்து ஜீவனத்துக்கு ஆதாரமாக வைத்திருப்பவர்கள்தாம் இங்கே வீட்டுக்காரர்கள். இத்தகைய வீட்டில் சர்க்காரின் பணத்தை நம்பிக் குடியேறுகிறவர் தனி மனிதராகவும் இருக்கலாம், சர்க்கார் நடத்தும் ஸ்தாபனமாகவும் இருக்கலாம். எவராயினும், சர்க்கார் கொடுத்த வாக்கின் பாரத்தில் ஒரு பங்கு அந்த வீட்டுக்காரரின் தோளில் வந்து இறங்குகிறது. இந்தப் பாரம் எப்போது, எவ்வாறு, எந்தச் சட்டங்களின் வழியாக அவரை வந்தடைந்தது என்ற சரித்திரத்தைச் சற்று விஸ்தாரமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பிரதேசத்தில் சர்க்காருக்கும் சிறு உடைமைக்காரருக்கும் உள்ள உறவு புதிதன்று. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதி அடங்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு மாறியபோது, அதை நிர்வகிக்க வந்த காப்டன் அலெக்ஸாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராக வந்து 1799 வரை இச்சீமையில் பணியாற்றிய தாமஸ் மன்றோவும், ஜமீன்தார் போன்ற இடையாட்கள் இல்லாமல் உழுகிற குடியானவனோடு சர்க்கார் நேருக்கு நேராகக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ரயத்துவாரி முறையை முதன்முதலில் இங்கேதான் செய்து பார்த்தார்கள். பின்னாளில் மதராஸ் ராஜதானியின் பெரும்பகுதிக்கும் பரவிய அந்த முறையின் சாரம் ஒன்றே: நிலம் உன்னுடையது, அதற்குரிய தீர்வையைக் குறித்த தவணையில் செலுத்தும் கடமையும் உன்னுடையது. அந்தத் தவணைக்குக் கிஸ்தி என்று பெயர். கிஸ்தி தவறினால் என்ன நேரும் என்பதை 1864ஆம் ஆண்டின் மதராஸ் வருவாய் வசூல் சட்டம் தெளிவாக எழுதிவைத்தது. பாக்கி வைத்தவனுடைய அசையும் பொருளையும் அசையாப் பொருளையும் கோர்ட்டின் படியேறாமலே ஜப்தி செய்து விற்கும் அதிகாரம் வருவாய் உத்தியோகஸ்தருக்கு அதன் வழியாகக் கிடைத்தது. சர்க்காருக்குக் குடியானவன் கொடுக்கவேண்டியதை வசூலிக்கும் வழி இவ்வளவு குறுகலாகவும் நேராகவும் இருந்ததை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குடியானவனுக்குச் சர்க்கார் கொடுக்கவேண்டியதை வசூலிக்கும் வழியோடு அதைப் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க நேரும்.

அக்காலத்துக் கிராமத்தில் வீட்டு வாடகை என்ற பேச்சே அபூர்வம். ஊருக்குப் புதிதாக வந்தவருக்குத் திண்ணையிலோ சாவடியிலோ இடம் கிடைத்தது. நெடுநாள் தங்குகிறவருக்கு உறவினரோ ஊர்ப் பெரியவரோ காலியாகக் கிடந்த ஓட்டு வீடு ஒன்றை ஒழித்துக் கொடுத்தனர். பணத்தேவை உள்ளவர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டைப் போக்கியத்துக்கு விட்டு, தொகையைத் திருப்பித் தந்து வீட்டை மீட்டுக்கொண்டார். மாத வாடகை என்னும் ஏற்பாட்டுக்கு மாதச் சம்பளம் வாங்குகிற மனிதர் தேவை. அந்த மனிதரைக் கிராமத்துக்கு அனுப்பியது பெரும்பாலும் சர்க்காரே. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கிராம சேவகர், பள்ளி ஆசிரியர், மருத்துவத் தாதி, கால்நடை உதவியாளர், காவலர் என ஒருவர் பின் ஒருவராக உத்தியோகஸ்தர்கள் கிராமங்களுக்கு வந்தார்கள். 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் ஜில்லாவிலிருந்து தருமபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்து, கலெக்டர் கச்சேரி முதலாகப் பற்பல அலுவலகங்கள் தருமபுரிக்கு வந்தபின், நகரத்தில் வீடு கிடைக்காதவர்களும் நகரத்து வாடகைக்குச் சக்தியற்றவர்களும் சுற்றுப்புற ஊர்களை நாடுவதும் இயல்பாயிற்று. இவர்களுக்குச் சம்பளத்தோடு சேர்த்துச் சர்க்கார் அளித்த வீட்டு வாடகைப்படியே, கிராமத்து வீட்டுக்காரர் முதன்முதலில் கண்ட சர்க்கார் வாடகை உதவி.

ஆனால் வாடகை விவகாரத்தில் சர்க்கார் நேரடியாகக் கையிட்டது இதற்கு முன்பே, யுத்தத்தின் நிர்ப்பந்தத்தால் நேர்ந்தது. முதல் உலக யுத்தத்தின் நடுவில், 1915இல், கிளாஸ்கோ நகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் வாடகை கொடுக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்ததன் விளைவாக பிரிட்டனில் வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. 1918இல் பம்பாய் அதைப் பின்பற்றியது. இரண்டாம் யுத்தம் மூண்டபின், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941ஆம் ஆண்டு மதராஸ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் தாக்குவர் என்ற பீதியால் மதராஸ் நகரத்து ஜனங்கள் திரள் திரளாக உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டபோது, நகரத்தில் வீடுகள் பூட்டிக்கிடக்க, சிற்றூர்களில் ஓர் அறைக்குப் பலர் போட்டியிடும் நிலை உண்டாயிற்று. யுத்தம் முடிந்தும் கட்டுப்பாடு நீங்கவில்லை; 1946இல் ஒரு சட்டமும், 1949இல் அதற்குப் பதிலாக மற்றொன்றும், 1960இல் நெடுங்காலம் நிலைத்த மதராஸ் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தன.

இந்தச் சட்டங்களில் வாடகைக்காரரைக் காக்கும் பகுதிகளையே நாம் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறோம்; இன்று பலரும் மறந்துவிட்ட மூன்றாம் பிரிவு ஒன்று அவற்றில் இருந்தது. குடியிருந்தவர் காலி செய்தாலும், வீட்டுக்காரர் தாமே வெளியேறினாலும், ஏழு நாட்களுக்குள் அந்தச் செய்தியை இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரிக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டியிருந்தது. சர்க்கார் காரியத்துக்கோ சர்க்கார் உத்தியோகஸ்தர் குடியிருப்பதற்கோ அந்த வீடு தேவை என்று அதிகாரி தெரிவித்துவிட்டால், வீட்டைச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதன்மேல் சர்க்காரே வாடகைக்காரராகக் கருதப்பட்டது. 'அக்காமடேஷன் கண்ட்ரோலர்' என்று நகரத்து ஜனங்கள் சொல்லிவந்த அந்த அதிகாரியிடம் வெற்றிட நோட்டீஸ் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்கு யார் வரப்போகிறார் என்று தெரியாமல் காத்திருந்த சிறு வீட்டுக்காரரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மகளுடைய கல்யாணத்துக்கு முன் வீட்டைத் தானே எடுத்துக்கொள்ள நினைத்தவராயினும், அதிக வாடகை தரும் குடியைத் தேடிவைத்தவராயினும், சர்க்காரின் தேவை முந்திக்கொண்டது. சொற்ப வாடகை வீடுகளுக்கு இப்பிரிவிலிருந்து விலக்கு இருந்தது உண்மை. ஆயினும் தத்துவம் ஸ்தாபிதமாகிவிட்டது: சர்க்கார் தன் மனிதருக்கு வீடு அளிக்கக் கடமைப்பட்டிருக்கிறது, அந்தக் கடமையைத் தனியார் ஒருவரின் சுவர்களுக்குள் நிறைவேற்றலாம்.

அந்தத் தத்துவத்தைக் குற்றம் சொல்ல நாம் முன்வரவில்லை. வீடு கிடைக்காத காலத்தில் சமூகத்தின் அவசியம் தனிமனிதரின் சௌகரியத்துக்கு மேற்பட்டது. நாம் சுட்டுவது, அந்தப் பாரத்துக்கு ஈடாக வீட்டுக்காரருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்ற கணக்கையே. நியாய வாடகை என்று சட்டம் சொன்னது, பழைய கட்டடங்களுக்கு யுத்தத்துக்கு முந்தைய வாடகையை அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் மனையின் மதிப்பையும் கட்டடச் செலவையும் கூட்டி, குடியிருப்புக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 9, மற்றவற்றுக்கு நூற்றுக்கு 12 என்ற விகிதம் வந்தது. முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்க, மதராஸில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது ஊரறிந்த வழக்கமாகிப்போனது. சட்டத்தின் வழியில் பாதுகாப்புக் காணாத வீட்டுக்காரர் அதை முன்பணத்தில் தேடினார், அந்தச் சுமை சுற்றிவந்து ஏழைக் குடித்தனக்காரரின் தலையில் விழுந்தது. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள குடியிருப்புகளுக்கு இருந்த விலக்கை 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென நீக்கியது. மகாராஷ்டிரத்து வழக்கு ஒன்றில் 1997 டிசம்பரில் அதே நீதிமன்றம், வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவில் உறைய வைப்பது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்றும் கூறியது. வாடகைக்காரருக்கு ஒரு தீர்ப்பும் வீட்டுக்காரருக்கு ஒரு தீர்ப்புமாக, தராசின் இரு தட்டுகளையும் சமப்படுத்தும் முயற்சி நீதிமன்றங்களில் நீண்ட காலம் நடந்துவந்தது.

இத்தனையும் நடந்தபோது இண்டூரின் நிலை என்ன? 1960ஆம் ஆண்டுச் சட்டம் மதராஸ், மதுரை நகரங்களுக்கும் முனிசிபாலிடிகளுக்கும் உரியதாக இருந்தது. மற்ற ஊர்களுக்குச் சர்க்கார் தனியே அறிவித்தால்தான் செல்லுபடியாயிற்று. அதற்குப் பதிலாக வந்து, 2019 பிப்ரவரி 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கி, வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்ற மூன்று படிகளை ஏற்படுத்தியது. அதுவும் நகர்ப்புறங்களுக்கே உரியது. அருகிலுள்ள பாப்பாரப்பட்டியும் பென்னாகரமும் பேரூராட்சிகளாக இருப்பதால் அந்த வளையத்துக்குள் வருகின்றன. நல்லம்பள்ளி ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சியான இண்டூர் வெளியே நிற்கிறது. இங்கே வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே இன்றும் பேசுவது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். மாத வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்லப் பதினைந்து நாள் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் முன்சீப் கோர்ட்டில் வழக்கு, வழக்குக்கு வக்கீல், வாய்தாவுக்கு வாய்தா பஸ் கட்டணம் என்ற பாதை, லைன் வீட்டின் வாடகை வருமானத்தையே விழுங்கிவிடக் கூடியது.

இந்தப் பின்னணியில் சர்க்காரே வாடகைக்காரராக வரும்போது நடப்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். கிராமங்களில் சொந்தக் கட்டடம் இல்லாத அங்கன்வாடி, இன்றும் பலர் வாயில் பால்வாடி என்றே வழங்கும் குழந்தைகள் மையம், தனியார் வீட்டின் முன்னறையில்தான் நடைபெறுகிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் இதற்கென மத்திய சர்க்கார் ஒரு கட்டத்தில் வகுத்த மாத வாடகை வரம்பு, கிராமத்துக்கு 1,000 ரூபாய், நகரத்துக்கு 4,000 ரூபாய், பெருநகரத்துக்கு 6,000 ரூபாய். அந்த ஆயிரம் ரூபாய்க்குள் இருபது குழந்தைகள் உட்காரவும் படுக்கவும் இடம், சத்துமாவும் அரிசியும் முட்டையும் எலிக்கு எட்டாமல் வைக்கும் மூலை, சமையலுக்குத் தனி இடம், தண்ணீர், கழிப்பறை எல்லாம் அமைய வேண்டியிருந்தது. காலை முழுவதும் வீட்டு வாசல் குழந்தைகளின் அழுகையிலும் விளையாட்டிலும் நிறைந்திருக்கும். எடை பார்க்கும் நாளிலும் தடுப்பூசி நாளிலும் தாய்மார்கள் திண்ணை கொள்ளாமல் நிற்பார்கள். சுவரில் அகர வரிசையும் காய்கறிப் படங்களும் வரையப்பட்டிருக்கும். இவற்றை மனமுவந்து ஏற்கும் பெண்மணிகள் நம் கிராமங்களில் உண்டு, குழந்தைகள் இருக்கிற வீடு விளங்கும் என்று சொல்லியே இடம் கொடுப்பவர்கள் அவர்கள். ஆனால் அந்தச் சொற்ப வாடகையும் நிதி ஒதுக்கீடு வந்து, பட்டியல் தயாராகி, அனுமதி கிடைத்துக் கைக்கு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பதும், காத்திருக்க முடியாதவர் முகம் வாடுவதைப் பார்த்து அங்கன்வாடிப் பணியாளரே தம் சொற்ப ஊதியத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதும் நாட்டின் பல பாகங்களிலும் கேட்கப்படும் குறை.

பெரிய கட்டடமானால் கதை இன்னும் நீளும். மாணவர் விடுதிக்கோ அலுவலகத்துக்கோ தனியார் கட்டடத்தை எடுக்கும்போது, பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து அளந்து, கட்டடத்தின் வயதையும் தரத்தையும் கணித்து, இன்ன வாடகை தகும் என்று சான்றளிக்க வேண்டும். பொதுப்பணத்தைச் செலவிடும்போது இந்தக் கட்டுப்பாடு அவசியமானதே. ஒருவருக்கு வேண்டியவர் என்பதற்காக இரட்டிப்பு வாடகை கொடுக்கப்பட்டுவிடக் கூடாது. ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்து வாடகையைத் திருத்தவேண்டிய தருணத்திலும் அதே அளவை, அதே சான்று, அதே அனுமதி மீண்டும் தொடக்கத்திலிருந்து நடந்தாக வேண்டும். அதுவரை பழைய வாடகையிலேயே சர்க்கார் குடியிருக்கும். பொறுமையிழந்த உடைமைக்காரர் வழக்குப் போட நினைத்தால், 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி முதலில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். குடியானவன் கிஸ்தி தவறினால் கோர்ட்டே இல்லாமல் ஜப்தி. சர்க்கார் வாடகை தவறினால் கோர்ட்டை அடைவதற்கே இரண்டு மாதம். இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ரயத்துவாரி பிறந்த இந்தச் சீமையின் சிறு உடைமைக்காரர் எதனால் சர்க்காருக்கு வீடு விடத் தயங்குகிறார் என்பது பிரத்தியட்சமாக விளங்கும்.

ஏழைக் குடித்தனக்காரரின் விஷயம் வேறு வகைப்பட்டது. கிராமத்து ஏழைக்குச் சர்க்கார் அளிக்கும் வீட்டு உதவி, 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் முதல் 2016இன் பிரதமர் திட்டம், 2024இன் கலைஞரின் கனவு இல்லம் வரை, சொந்த மனை உள்ளவர் வீடு கட்டிக்கொள்வதற்கான உதவியே. மனையே இல்லாதவர் வாடகை கொடுப்பதற்கு அதில் இடமில்லை. ஆகவே அவர் வாடகை வீட்டுக்குக் கொண்டுவருவது வேறு உதவிகள்: குடும்ப அட்டையின் அரிசி, 2016 முதல் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவச மின்சாரம், 2023 முதல் மகளிர் உரிமைத் தொகை. இவற்றுக்கெல்லாம் முகவரி வேண்டும். முகவரிக்கு வீட்டுக்காரரின் ஒப்பந்தமோ வரி ரசீது நகலோ வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நாளை வீட்டையே சொந்தம் என்று கேட்டுவிடுவாரோ என்ற அச்சத்தால் பல வீட்டுக்காரர்கள் மறுக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தால் வீட்டின் உரிமை மாறாது என்பதும், எழுத்து மூலமான ஒப்பந்தமே வீட்டுக்காரருக்கும் பலமான சாட்சி என்பதும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை. லைன் வீட்டின் எல்லா அறைகளுக்கும் சேர்த்து ஒரே மீட்டர் இருந்தால், சர்க்கார் தந்த இலவச யூனிட்டுகள் எல்லோருக்கும் பங்காகித் தேய்ந்துபோகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் நாளில் எழும் சச்சரவுகளுக்கு மூலம் இதுவே.

இங்கே மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரரின் சங்கடங்கள் உண்மையானவை. ஆனால் சாதியையும் மதத்தையும் விசாரித்து வீடு மறுப்பதற்கு அவற்றைத் திரையாகக் கொள்ளும் வழக்கம் நம் ஜில்லாவிலும் இருக்கிறது. சம்பளச் சீட்டும் வாடகைப்படியும் கையில் இருக்க, தெருத் தெருவாக அலைந்தும் கதவு திறக்கப்படாத ஆசிரியர்களும் செவிலியர்களும் உண்டு. சர்க்கார் வாடகை தாமதமாக வருகிறது என்ற நியாயமான முறையீட்டைச் செய்பவர், தன் வாசலில் நிற்பவரின் பிறப்பைக் கேட்கும் அநியாயத்தைக் கைவிட்டால்தான் அந்த முறையீட்டுக்குத் தர்மத்தின் பலம் சேரும்.

நகரத்திலும் அயல் நாட்டிலும் இதே பிரச்சினை வேறு உருவங்களில் நிற்கிறது. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய ஸ்தாபனம், பழுதடைந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் காலத்தில் குடும்பங்கள் வெளியே வாடகைக்கு இருக்க 8,000 ரூபாய் அளித்துவந்ததை 24,000 ரூபாயாக உயர்த்தியது. உயர்த்தியது நன்று, ஆனால் கட்டட வேலை இரண்டாண்டு நீடித்தால் அது மாதம் ஆயிரமே ஆகும், சென்னையில் பல மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரரிடம் அதைக்கொண்டு பேச்சைத் தொடங்குவதே கடினம். அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டத்தில் 1974இல் சேர்க்கப்பட்ட எட்டாம் பிரிவு, ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கைச் செலுத்த, மீதியை உள்ளூர் வீட்டு வசதி அமைப்பே வீட்டுக்காரருக்கு நேராகச் செலுத்தும் ஏற்பாட்டைச் செய்தது. குடியேறுமுன் வீட்டைப் பரிசோதிப்பதில் ஏற்படும் தாமதமும் படிவங்களின் பெருக்கமும் அங்கும் சிறு வீட்டுக்காரரை விலகச் செய்கின்றன. எனினும் வாடகையில் சர்க்காரின் பங்கு தவறாமல் வரும் என்ற நம்பிக்கையே பலரை அத்திட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. இங்கிலாந்தில், சர்க்கார் உதவி பெறுகிறவருக்கு வீடு இல்லை என்று பொதுப்படையாக மறுப்பது சட்டவிரோதம் என்று 2020இல் யார்க் நகரத்து நீதிமன்றம் ஒன்று அறிவித்தது. பணம் தவறாமல் வருவது ஒரு கால், பாரபட்சத்தைத் தடுப்பது மற்றொரு கால். இரண்டும் ஊன்றினால்தான் வாடகை உதவி நிற்கும் என்பது இவ்விரு நாடுகளின் அனுபவம்.

நம் நாட்டுச் சரித்திரம் காட்டும் முடிவும் அதற்கு மாறானதன்று. யுத்த காலத்தில் சர்க்கார் சட்டத்தின் வலிமையால் வீட்டைப் பெற்றது. இன்று ஒப்பந்தத்தின் மூலம் பெறுகிறது. ஒப்பந்தம் என்று ஆனபின், மற்றக் குடித்தனக்காரருக்கு விதித்த கடமை சர்க்காருக்கும் உரியதே. மாத வாடகையைக் குறித்த தேதியில் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்துவது, தவறிய மாதங்களுக்கு நிலத்தீர்வை பாக்கிக்குச் சர்க்கார் கேட்பது போலவே வட்டி சேர்த்துக் கொடுப்பது, ஒப்பந்தம் முடியும் முன்பே அடுத்த வாடகைக்கான அளவையைச் செய்து வைப்பது, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் எளிய பதிவையும் விரைந்த பரிகாரத்தையும் கிராம ஊராட்சிகளுக்கும் நீட்டுவது ஆகிய நான்கும் நடைபெறுமானால், இண்டூரில் ஓர் அறையை எழுப்பியுள்ள முதியவளுக்குச் சர்க்காருக்கு வீடு விடுவதில் தயக்கம் இராது. 1792 முதல் இந்தச் சீமையின் குடியானவர்கள் சர்க்காருக்குத் தவணை தவறாமல் செலுத்தக் கற்றுக்கொண்டார்கள், தவறியபோது அதற்குரிய தண்டனையையும் ஏற்றார்கள். அந்த ஒழுங்கைச் சர்க்காரும் அவர்களிடம் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. அவர்கள் இருநூறு ஆண்டுகளாகச் செலுத்திவந்த நியாயத்தில் தங்களுக்குரிய பங்கைக் கேட்பதேயாகும்.